டெல்டாவில் வேலை, வார இறுதியில் மலை: கொல்லிமலையா, வெள்ளியங்கிரியா, பர்வதமலையா, குரங்கணியா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் சர்வரும் நெட்வொர்க்கும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மலையின் உயரம் இரண்டாம்பட்சம்தான். வெள்ளி இரவு கிளம்பி, ஏறி இறங்கி, திங்கள் காலை தெளிந்த தலையோடு சீட்டில் உட்கார முடியுமா என்பதை முதலில் பாருங்கள். அடுத்து, மலையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உங்கள் போன் அடிக்காமல் இருந்தாலும் அலுவலகம் ஓடுமா என்று பாருங்கள். இந்த நான்கு மலைகளையும் பிரித்துக் காட்டுவது இவை இரண்டும்தான்.

எந்த வாரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் பேட்ச், அதாவது விண்டோஸ் முதலானவற்றின் ஓட்டைகளை அடைக்கும் திருத்தம், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகிறது. நம் நேரப்படி அது செவ்வாய் இரவு. அதை அடுத்த சனி, ஞாயிறு பல அலுவலகங்களில் பேட்ச் போடும் நாட்கள். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும். மிஞ்சுவது மாதத்தின் முதல் வார இறுதியும், 20-ஆம் தேதியை ஒட்டிய வார இறுதியும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்துவிட்டால் டீசலும் யுபிஎஸ் பேட்டரியும்தான் வேலை, மலையை மறந்துவிடுங்கள்.

ஸ்டாண்ட்பை, அதாவது கூப்பிட்டால் உடனே வேலை பார்க்க வேண்டிய முறை, உள்ள வாரத்துக்குக் கொல்லிமலை ஒன்றுதான் சரிப்படும். திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம், நாமக்கல் வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டில் அறை எடுத்துக்கொண்டால் அவசரத்துக்கு லேப்டாப்பைத் திறக்கலாம். அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில்தான் சிக்னல் போய்விடும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் போதும். ஆனால் இங்கே இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில். குளித்து, சாப்பிட்டு, உடம்பு சோர்ந்த பிறகுதான் படியேற வேண்டும். போகும்போது சுலபமாக இருக்கிறதே என்று தண்ணீரைத் தீர்த்துவிடுபவர்கள் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டரை ஏறுவதற்கென்றே தனியாக வையுங்கள். மழை பலத்தால் அருவிக்கு இறங்க விடமாட்டார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் போக வேண்டாம். இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு போதாமல் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வர, அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

மலையேற்றம் என்ற வகையில் மட்டும் பார்த்தால் இந்த நான்கில் வெள்ளியங்கிரிக்குத்தான் எங்கள் ஓட்டு. ஏழு மலை, சுமார் 1,780 மீட்டர். கோவை அருகே அடிவாரத்தில் உள்ள பூண்டி கோயிலிலிருந்து ஒருவழி ஆறு கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். ஆனால் அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேண்டும். வழக்கமாக பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை அனுமதிக்கிறது. அது டெல்டாவின் புயல் காலத்தோடு மோதாதது நமக்கு நல்லது.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் நேரக் கணக்கில். சனி இரவு ஏறி, ஞாயிறு விடியல் பார்த்து, மதியம் இறங்கி, அன்றிரவே ரயிலேறி, திங்கள் காலை நேராக ஆபீஸ் என்று திட்டம் போடுகிறார்கள். இரண்டு இரவுத் தூக்கம் போனவர் கையில் சர்வரில் எதையும் மாற்றவோ அழிக்கவோ விடும் ரூட் பாஸ்வேர்டு இருக்கக் கூடாது. தசைவலியும் இறங்கியவுடன் தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும். ஆகவே ஏற்றம் சனிக்கிழமையிலேயே முடிய வேண்டும்.

அதற்கு மன்னார்குடியிலிருந்து கோவை போகும் செம்மொழி எக்ஸ்பிரஸ் தோதானது. வெள்ளி இரவு தஞ்சாவூரில் ஏறினால் சனி விடிவதற்குள் கோவை. காந்திபுரத்திலிருந்து பூண்டிக்குப் பஸ் உண்டு. காலை 7 மணிக்குப் படியில் கால் வைத்தால் ஐந்து முதல் ஏழு மணி நேரத்தில் உச்சி. மதியம் 1 மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ, அங்கிருந்து திரும்பிவிடுங்கள். ஆறாவது மலை ஆண்டி சுனையில் நின்றுகொண்டு ஏழாவது மலையைப் பார்த்தபடி திரும்புவது மனசுக்குக் கஷ்டம்தான்; இறக்கத்துக்கு நான்கைந்து மணி நேரம் வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் செம்மொழி கோவையில் நள்ளிரவு தாண்டிப் புறப்படுகிறது. டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை தேதி இருக்க வேண்டும்; சனி என்று போட்டுவிட்டால், நீங்கள் ஸ்டேஷனுக்கு வரும்போது உங்கள் ரயில் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

முதல் மலையின் படிகள்தான் மூச்சை வாங்கும். பாதிப்பேர் அங்கேயே வேகமாக ஏறித் தீர்ந்துவிடுகிறார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். நெஞ்சில் அழுத்தமோ இடது கையில் வலியோ வந்தால் உட்கார்ந்து சரிசெய்யப் பார்க்காமல் உடனே உதவி கேளுங்கள்; சீசன்தோறும் இந்த மலையில் மாரடைப்பு மரணங்கள் நடக்கின்றன. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். மேலே காற்றும் சேரும்போது வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை நடுக்கத்தைக் கொடுக்கும். மாற்றுச் சட்டையைப் பாலித்தீன் இல்லாத உறையில் எடுத்துப் போங்கள், அடிவாரத்தில் பிளாஸ்டிக் சோதனை உண்டு. அங்கே விற்கும் மூங்கில் கம்பை வாங்கத் தயங்காதீர்கள். இறக்கத்தில் முழங்காலைக் காப்பது அதுதான்.

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை கடலோர டெல்டாக்காரர்களுக்குத் தூரத்தில் வசதி. மயிலாடுதுறையிலிருந்து விழுப்புரம் வழியாகப் போகலாம். வெள்ளியங்கிரியை விட நேரம் குறைவு, பயம் அதிகம். மேல் பகுதியில் பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளாலான கடப்பாரைப் படியும் சங்கிலியும் இரும்பு ஏணியும் பிடித்து ஏற வேண்டும். வெயிலில் இரும்பு கையைச் சுடும், மழையில் பாறை வழுக்கும். பௌர்ணமியன்று போகவே வேண்டாம்: மலையில் ஏணிக்கு வரிசை, கீழே கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது. இரவில் ஏற அனுமதி உண்டா என்பதை அந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேனி மாவட்டத்துக் குரங்கணிக்கு வனத்துறையின் ஆன்லைன் பதிவும் வழிகாட்டியும் கட்டாயம். 2018 மார்ச் 11 அன்று அங்கே காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். காய்ந்த புல் சரிவில் மனிதனால் அதை முந்த முடியாது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதையை மூடுவது அதனால்தான். டெல்டாவிலிருந்து திருச்சி, திண்டுக்கல், தேனி, போடி என்று மாறி மாறிப் போக வேண்டியிருப்பதால், வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு இல்லாமல் இது நடக்காது. லீவு கிடைத்தால், பருவமழை முடிந்த தை மாதத்தில் போங்கள். மீசப்புலிமலை மாதிரி 2,600 மீட்டர் தாண்டிய சிகரங்களுக்கு இன்னும் ஒரு முழு நாள் வேண்டும்.

சமவெளியில் பயிற்சிதான் நமக்குப் பெரிய சிக்கல். ஆற்றங்கரையில் பத்துக் கிலோமீட்டர் நடப்பது மூச்சுக்கு நல்லது, தொடைக்குப் போதாது. ஆறு அங்குலப் படி என்றால் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6,600 படி. கட்டுமலையான சுவாமிமலையின் 60 படிகளை நூறு தடவைக்கு மேல் ஏற வேண்டும்; 83 மீட்டர் மலைக்கோட்டை என்றால் பன்னிரண்டு தடவை. ஆபீஸ் மாடிப்படியே நடைமுறைக்கு ஏற்றது: ஐந்து கிலோ பையோடு வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், ஆறு வாரம். இறங்குவதையும் மெதுவாகச் செய்யுங்கள். லிப்டில் இறங்கினால் பயிற்சியில் பாதி போய்விடும்.

கிளம்பும் வாரத்தில் வியாழன் மாலைக்குப் பிறகு சர்வரிலோ நெட்வொர்க்கிலோ எந்த மாற்றமும் செய்யாதீர்கள். பேக்கப் வெற்றி என்று மெயில் வந்தால் போதாது. ஒரு ஃபைலையாவது பேக்கப்பிலிருந்து மீட்டு (ரீஸ்டோர்) திறந்து பாருங்கள். 85 சதவீதம் தாண்டிய டிஸ்க், அடுத்த பத்து நாளில் காலாவதியாகும் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் (சர்டிபிகேட்) இரண்டையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். போனில் லாகினுக்கு ஆறு இலக்க எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு சிக்னல் தேவையில்லை, கடிகாரம் சரியாக இருந்தால் போதும். எஸ்எம்எஸ் ஓடிபியும் "ஒப்புக்கொள்" என்று அழுத்தும் முறையும் மலையில் வேலை செய்யாது. அவசரத்தில் மட்டும் பயன்படுத்தும் அட்மின் லாகினின் பாஸ்வேர்டை ஒட்டிய உறையில் வைத்துப் பொறுப்பேற்கும் சகாவிடம் கொடுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை போன் கிடைக்காது என்பதை உறை மேலேயே எழுதுங்கள். மலையில் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். சிக்னல் தேடியே பேட்டரி தீர்ந்துவிட்டால், இறங்கி வந்ததும் அவருக்குப் பேசக்கூட சார்ஜ் இருக்காது.