சைக்கிள் ஷூ: கோவைக் கடையா, ஆன்லைனா?

வேலந்தாவளத்திலிருந்து கோவைக் கடைக்குப் போய்வந்தால் அரை நாள் காலி. ஆன்லைனில் வீட்டுக்கே வரும், சரி. ஆனால் 42 என்ற எண்ணை நம்ப முடியாது. ஐரோப்பிய அளவில் எண்ணுக்கு எண் 6.67 மில்லிமீட்டர் நீளம் கூடும். அகலம் கணக்கிலேயே இல்லை. ஒரு கம்பெனியின் 42 என் சுண்டுவிரலைக் கடித்தது, இன்னொன்றில் குதிகால் கழன்றது.

ஆன்லைன்தான் என்றால், சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும்போது, குதிகாலைச் சுவரோடு ஒட்டிக் காகிதத்தில் நின்று நீளம், அகலம் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். ஷிமானோ கம்பெனியில் சில மாடல்களுக்கு அகலமான வகை தனியாக உண்டு.

கடைக்குப் போவதானால், சைக்கிள் ஓட்டும்போது போடும் சாக்ஸோடு போங்கள். நடந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். அடிப்பாகம் வளையாததால் குதிகால் கொஞ்சம் எழும்பத்தான் செய்யும். உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள். என் ஓட்டு கடைக்கே. திருப்பி அனுப்ப வழியிருந்தால் மட்டும் ஆன்லைன்.