பிடுங்காமல் பிடரி மயிர் ஒதுக்க ஒரு கத்திச் சீப்பு

ஏப்ரல் சீசன் நேரம் நுவரெலியா கிரகரி வாவிப் பக்கம் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுகளுக்குப் பிடரி மயிர் ஒதுக்குவது வழக்கமாகச் சீப்பில் நாலு மயிரைச் சுற்றி வெடுக்கென்று இழுத்துத்தான். சில குதிரை பேசாமல் நிற்கும், எங்கள் பெட்டைக்கு அது ஆகவே ஆகாது, சீப்பைக் கண்டாலே காதை மடக்கித் தலையை உயர்த்திவிடுவாள்.

அதனால்தான் உள்ளே கத்தி வைத்த இந்தச் சீப்பை வாங்கினேன். நீள மயிரைப் பிடித்துக்கொண்டு, குட்டை மயிரை மேலே கோதித் தள்ளி, கைப்பிடியில் இருக்கும் விசையை அழுத்தினால் மயிர் அறுந்து கையோடு வரும். வேரில் இழுப்பே இல்லை. கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி நேர்கோடாகவும் தெரியாது, இதற்காகவே காசு கொடுக்கலாம்.

ஆனால் அடர்ந்த பிடரிக்கு இது மட்டும் போதாது, நீளம் குறையுமே தவிர அடர்த்தி அவ்வளவாகக் குறையாது. அதற்குச் சலூனில் பாவிக்கிற பல்லுக் கத்தரிக்கோல்தான் சரி: மேல் மயிரைத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தில், குறுக்கே இல்லாமல் மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். அப்புறம் மேல் மயிர் விழுந்து வெட்டை மறைத்துவிடும். ஷாம்பு போட்ட கையோடு தொடங்காதீர்கள், வழுக்கும்.

கத்தி மழுங்கினால் இதுவும் இழுக்கத்தான் செய்யும். மாற்றுக் கத்தி இங்கே கடைகளில் கிடைக்கவில்லை, சீப்போடு சேர்த்தே எடுப்பித்துக்கொள்ளுங்கள்.