ஆண்டின் கடைசி வாரங்கள்: மீள்பயிற்சியா, இணைப்புப் பாடமா?

அடுத்த கல்வியாண்டில் பாடத்திட்டம் மாறவிருக்கும்போது, ஆண்டிறுதித் தேர்வுக்குப் பின் எஞ்சும் வாரங்களைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் இரு வகையில் பயன்படுத்தலாம்: நடத்திய பாடங்களையே மீண்டும் பயிற்றுவிக்கலாம், அல்லது புதிய பாடங்களுக்கு ஆயத்தப்படுத்தும் இணைப்புப் பாடங்களை நடத்தலாம்.

மீள்பயிற்சிக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு ஆசிரியரின் கவனம் கிடைக்கும் என்பதால், அதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

எனினும், மூன்றாம் வகுப்பில் இருந்த ஒரு பகுதி புதிய திட்டத்தில் இரண்டாம் வகுப்புக்கு இறங்கினால், இப்போது இரண்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை அதை எந்த வகுப்பிலும் படிக்காமலே மேலே சென்றுவிடும். இந்த இடைவெளியை எத்தனை முறை மீள்பயிற்சி அளித்தாலும் நிரப்ப இயலாது. பின்னங்கள் அப்படி இடம் மாறியிருந்தால், ஒரு தாளை இரண்டாகவும் பின்னர் நான்காகவும் மடித்து, ஒவ்வொரு பகுதியிலும் கால் என்று எழுதி, இரண்டு கால்கள் சேர்ந்தால் அரை என்பதைப் பிள்ளையே கண்டறியும் ஒரு பாடவேளைகூட நல்ல தொடக்கமாகும்.

ஆகவே நான் இணைப்புப் பாடத்தையே தேர்வேன். ஆனால், புதிய நூல் முழுவதையும் அவசரமாகப் புரட்டுவது பிள்ளைகளுக்கு அச்சத்தையே தரும். பழைய, புதிய திட்டங்களை வகுப்புவாரியாக அருகருகே வைத்து, விடுபடும் பகுதிகளை மட்டும் ஆசிரியர்கள் கூடிக் குறித்துக்கொள்ள வேண்டும். சரளமாக வாசிக்கவோ கடன்வாங்கிக் கழிக்கவோ இன்னும் வராத பிள்ளைகளுக்கு மட்டும் மீள்பயிற்சி முதலில் வரட்டும்.