வீவக வீட்டில் உரம்: பொகாஷி வாளியா, துளைபோட்ட தொட்டியா?

வீவக வீட்டில், அதாவது சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில், செடி வளர்க்கும் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். பொகாஷி என்பது சமையல் கழிவில் நுண்ணுயிர் கலந்த தவிடு தூவி, காற்றுப் புகாத வாளியில் புளிக்கவைக்கும் முறை. தொட்டி என்றால் காற்றுப் போகத் துளைபோட்டு, கழிவைக் காய்ந்த இலையோடு மக்கவைப்பது.

செலவு: தொட்டிக்குப் பழைய வாளியும் காய்ந்த இலையும் போதும். பொகாஷிக்கு நீரை வடிக்கக் குழாய் வைத்த வாளி வேண்டும், அப்புறம் நுண்ணுயிர்த் தவிடு தீரத் தீர வாங்க வேண்டும்.

எதைப் போடலாம்: இதில் பொகாஷிக்கே என் ஓட்டு. மீன் முள், மிஞ்சிய சாம்பார் சாதம் எல்லாம் போடலாம். தொட்டியில் மீன் போட்டால் நாற்றம், புழு. காய்த்தோல், காப்பித்தூளோடு நிறுத்திக்கொண்டு, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை சேருங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். வழிந்தால் இன்னும் இலை போடுங்கள்.

காலம்: பொகாஷி வாளி நிறைந்தபின் இரண்டு வாரம் மூடியே இருக்கட்டும். திறந்தால் ஊறுகாய் போலப் புளிப்பு வாசனை வரும். அது இன்னும் உரமாகவில்லை, மண்ணில் புதைத்துச் சில வாரம் விடவேண்டும். தொட்டிக்கு இரண்டு மூன்று மாதம்.

இடம்: பொகாஷிக்குச் சமையலறை மூலை. தொட்டிக்கு மழை படாத நிழல். தாழ்வாரத்தில் வைத்தால் 1.2 மீட்டர் நடைவழி விட்டாக வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், தினமும் கொட்டிவிடுங்கள்.

மீனும் இறைச்சியும் சமைக்கிற, புதைக்கப் பெரிய மண்தொட்டி உள்ள வீட்டுக்குப் பொகாஷி. சைவச் சமையலும் காற்றோட்டமான தாழ்வாரமும் இருந்தால் தொட்டியே போதும்.