குடித்த மறுநாள் காலைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்

உறவினர் வீட்டுத் திருமணத்தில், முந்தைய இரவு நண்பர்களோடு அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, காலையில் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தபோது, ஒரு செம்பில் ஓ.ஆர்.எஸ். கரைசலை, அதாவது உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்யும் தூளைக் கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தவர் என் அத்தை. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். "எதுவும் பேசாத, மடக்கு மடக்கா குடிப்பா" என்றார். அரை மணி நேரத்தில் நாக்கின் வறட்சி போனது. எழுந்து நின்றால் வரும் கிறுகிறுப்பும் தணிந்தது. தலைவலி மட்டும் மதியம் வரை விடவில்லை. அதன் பிறகு பலமுறை பயன்படுத்திப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே பலன்தான். அதனால் இந்தப் பொட்டலம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி 1 லிட்டர் தண்ணீருக்கான பொட்டலத்தில் 20.5 கிராம் தூள் இருக்கும்: குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. வெறும் தண்ணீரைவிட இது நன்றாக உடலில் தங்குவதற்குக் காரணம் அதுதான். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இதே போன்ற உப்பு, சர்க்கரைக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். அப்படிப்பட்ட ஒரு மருந்து இருபது ரூபாயைச் சுற்றிய விலையில் தெருமுனைக் கடையில் கிடைப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

மது, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அடக்கிவிடுவதால்தான் குடித்த இரவில் அடிக்கடி எழுந்து போக நேர்கிறது. அந்த இழப்பைத்தான் கரைசல் ஈடு செய்கிறது. ஆனால் ஹேங்ஓவர் எனப்படும் இந்த மறுநாள் அவதி நீர்க்குறைவு மட்டுமல்ல. கல்லீரல் மதுவை உடைக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள், குலைந்துபோன தூக்கம், எரிச்சலுற்ற இரைப்பை, உடலெங்கும் தூண்டப்படும் அழற்சி ஆகிய எல்லாம் அதில் சேர்கின்றன. பிராந்தி போன்ற அடர்நிறச் சாராயங்களில் கூடுதலாக இருக்கும் துணைச் சேர்மங்களும் வேதனையை அதிகரிக்கும். இவற்றில் எதையும் பொட்டலத்தால் தொட முடியாது.

ஹேங்ஓவரைத் தீர்ப்பதாக விளம்பரப்படுத்தப்படும் மாத்திரைகளும் பானங்களும் அதைச் செய்துவிடுமா என்றால், 2005இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு எட்டுச் சோதனைகளைப் பரிசீலித்துவிட்டு, எந்த ஒன்றுக்கும் உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது. 2019இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் உயர் நீதிமன்றம் ஹேங்ஓவரை நோய் என்று வரையறுத்து, உணவுப் பொருள் அதைத் தடுக்கும் அல்லது போக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்றது. விலை உயர்ந்த அந்தப் பொருள்களுக்குப் பணம் செலவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பயன்படுத்தும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரு டம்ளரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கலக்கினால் உப்பு மிகுந்து குமட்டல் கூடும். 1 லிட்டர் பாட்டிலை முதலில் நிரப்பிக்கொண்டு, பொட்டலத்தின் ஓரத்தை நறுக்கி, அடியில் ஒட்டியிருக்கும் தூளையும் தட்டி விழச்செய்து, அது தெளியும் வரை குலுக்க வேண்டும். சரியாகக் கரைந்தால் சுவை கண்ணீரைவிட உப்பாக இருக்காது. படுக்கப்போகும் முன்பு அரை லிட்டர், எழுந்ததும் மீதி அரை லிட்டர் என்று குடிப்பது, காலையில் மட்டும் குடிப்பதைவிட எனக்கு நன்றாக உதவியிருக்கிறது. வாந்தி இருந்தால் சில நிமிடங்கள் விட்டுவிட்டு ஒவ்வொரு மடக்காகக் குடிக்கலாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். தலைவலிக்காகப் பாராசிட்டமாலைச் சேர்த்து விழுங்குவதையும் தவிருங்கள். மதுவால் களைத்த கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

வாங்கும்போது ஒருமுறை எனக்கு நேர்ந்த ஏமாற்றத்தையும் சொல்ல வேண்டும். கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டபோது பழச்சாறுபோல இனிக்கும் அட்டைப்பெட்டி பானம் ஒன்றைத் தந்தார்கள். அவசரத்தில் குடித்துவிட்டுப் பின்பக்கத்தைப் படித்தபோதுதான், சர்க்கரை மிகுதியாகவும் உப்பு சொற்பமாகவும் இருப்பது தெரிந்தது. வாய் மேலும் வறண்டதுதான் மிச்சம். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. இருந்தாலும் மேலே சொன்ன நான்கு பொருள்களின் அளவும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

ஒருவரை உலுக்கியும் எழுப்ப முடியவில்லை, மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உடல் சில்லிட்டு உதடு நீலம் பாரிக்கிறது என்றால், அது ஹேங்ஓவர் அல்ல, மது நஞ்சாகிவிட்டது என்று பொருள். அப்போது வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு உடனே 108ஐ அழையுங்கள்.