கையெழுத்து நாவலை டைப் செய்ய, பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி கடை

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற டிடிபி கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் எல்லாம் உண்டு. ஓர் அண்ணாச்சி, டைப் அடிக்கிற ஒரு பெண், ஆக இரண்டே பேர். கூட்டம் வந்தால் தாங்காது, பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. நான் கொடுத்தது ஒரு நாவல். பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும் வருகிற முதல் பிரியத்தைப் பற்றியது. லாங் சைஸ் நோட்டில் 214 பக்கம், எல்லாம் பேனாவால் எழுதியது.

வெறும் டைப் வேலைக்கு இத்தனை நீளமாக எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் இந்தக் கடை எனக்கு என்ன செய்தது என்பது புரியும்.

ஒரு நாள் காலை எட்டு மணி வாக்கில் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூட நேரம், நிற்க இடமில்லை. நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களிடம் பையைக் கொடுப்பது நம்ம ஊர்ப் பழக்கம்தானே. ஒரு பையன் தன் பையை ஜன்னலோர சீட்டில் இருந்த பெண்ணிடம் நீட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தினமும் நடக்கிற காரியம் என்பது அந்தக் கை நீண்ட விதத்திலேயே தெரிந்தது. பையின் ஜிப் பிய்ந்துபோய் நோட்டெல்லாம் வெளியே தெரிந்தது. சுலோச்சன முதலியார் பாலத்தில் நெரிசலில் பஸ் நின்றுவிட, ஆற்றைப் பார்க்கிற மாதிரி முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டே அந்தப் பெண் தன் தாவணியில் குத்தியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி ஜிப்பின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் குத்தினாள். முருகன்குறிச்சியில் பையன் பையை வாங்கிக்கொண்டு இறங்கினான். இறங்கின பிறகுதான் ஊக்கைப் பார்த்தான். பஸ் கிளம்பிவிட்டது. அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

அவ்வளவுதான் நான் பார்த்தது. மறுநாள் அதே பஸ்ஸில் ஏறி அவர்களைத் தேடலாமா என்று தோன்றியது, போகவில்லை. யாரோ ஒருவர் கவனிக்கிறார் என்பதே அந்த வயசுப் பிள்ளைகளுக்கு, அதுவும் நம்ம ஊரில், எத்தனை பெரிய தொந்தரவாகும் என்று தெரியும். அதனால் பள்ளிக்கூடம், ஊர், வீடு எல்லாவற்றையும் மாற்றினேன். ஊக்கை மட்டும் மாற்றவில்லை.

ஏழு மாதம், காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆறரை வரை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குறுக்குத்துறைப் படித்துறையில் போய் உட்கார்ந்து அந்த வாரம் எழுதியதை வாய்விட்டு வாசிப்பேன். வாயில் நிற்காத வசனத்தை அங்கேயே அடிப்பேன். பாலத்தில் பஸ் நிற்கிற அந்தச் சில நிமிஷங்களை ஓர் அத்தியாயம் முழுக்க இழுத்து எழுதினேன். 1843-ல் ஒரு தனி மனிதர் தன் சொந்தக் காசைப் போட்டுக் கட்டிய பாலம் அது. இருநூறு வருஷத்தை நெருங்குகிற பாலத்துக்கு மேலே இரண்டு பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கிறது என்ற நினைப்பே எனக்கு நாவலை எழுதி முடிக்கப் போதுமானதாக இருந்தது.

சரி, கடைக்கு வருகிறேன். இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் என் சிறுகதைகளை டைப் செய்யக் கொடுத்து நொந்திருக்கிறேன். அங்கே பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகைக்கு மெயிலில் அனுப்பினால் அந்தப் பக்கம் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் போய்ச் சேர்ந்தது. பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் இப்படித்தான் தெரியும். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற முறை யூனிகோட். அதனால் எந்தக் கடையில் கொடுத்தாலும் முதல் கேள்வியாக "யூனிகோடில் அடிப்பீர்களா" என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கடையில் அதை நான் கேட்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணே சொன்னார். தட்டச்சில் தமிழ் ஹையர் தேர்வு முடித்தவர், விரல் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையில்தான் போகிறது, ஆனால் விழுவது யூனிகோட்.

முதல் முப்பது பக்கம் நான்கு நாளில் வந்தது. வாங்கிப் பார்த்தால், ஓரத்தில் ஓர் இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி. என் கையெழுத்து புரியவில்லையோ என்று நினைத்து அந்த டைப் அடிக்கிற பெண்ணிடம் கேட்டேன்.

"எழுத்தெல்லாம் புரியுது அண்ணாச்சி. அவ அஞ்சு ரூவா கொடுத்து டிக்கெட் எடுக்கான்னு எழுதியிருக்கியளே, டவுன் பஸ்ல எங்களுக்கு ஏது காசு?"

2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தினமும் அதே பஸ்ஸில் போகிற எனக்கு எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. நான் படித்த காலத்துப் பஸ்ஸையே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெண் சொன்னதோடு விடவில்லை, "தனியார் பஸ்ஸுன்னா சரி" என்றும் சேர்த்துச் சொன்னார். அதிலிருந்து எனக்கு ஒரு புது அத்தியாயமே கிடைத்தது. ஒரு நாள் வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டு இருவரும் தனியார் பஸ்ஸில் ஏறுகிறார்கள். அவளிடம் காசில்லை. அரசு பஸ்ஸில் பாஸ் வைத்துப் போகிற பையனிடம் ஒரு ஆள் டிக்கெட்டுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது. யார் இறங்குவது? நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அவைதான்.

அப்புறம் பேச்சு. நெல்லைப் பேச்சு என்றால் "ஏல", "ஏட்டி" என்று வரிக்கு வரி வர வேண்டும் என்பது என் எண்ணமாக இருந்தது. "இப்ப பிள்ளைகள் சாதாரணமா 'டா'ன்னுதான் பேசுது அண்ணாச்சி. கோவம் வந்தாத்தான் 'ஏல' வரும்" என்றார். ஒரு வாரம் பஸ்ஸில் காதைக் கொடுத்துக் கேட்டேன். அவர் சொன்னது சரி. கோபத்தில் வந்தது, இன்னொன்று, ரொம்பவும் பிரியம் பொங்கும்போதும் வந்தது. நாவல் முழுக்க இருந்த "ஏல"வை எடுத்துவிட்டு மூன்றே மூன்று இடத்தில் மட்டும் வைத்தேன். மூன்றாவது "ஏல" கதையில் வருகிற பெண் சொல்வது.

மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. பாதி நாவல் ஆனபோது ஒரு சாயங்காலம் கேட்டார்: "அந்தப் பையன் கையில என்ன கலரு?"

சட்டையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

கயிறு. நம்ம பக்கத்தில் எந்தக் கலர் கயிறு எந்தச் சாதிக்காரர்கள் கட்டுவார்கள் என்பது எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டத் தடை வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. இதெல்லாம் தெரிந்திருந்தும் பதினாறு வயசுக் காதலை இந்த ஊரில் வைத்து எழுதிய நான், பையனின் மணிக்கட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். பயந்தேன்.

மூன்று அத்தியாயங்களைத் திரும்ப எழுதினேன். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் சித்தப்பா மகன் கட்டிவிட்ட கயிறோடு திங்கட்கிழமை பஸ் ஏறுகிறான். பையை நீட்டும்போது சட்டைக் கையை இழுத்து மூடப் பார்க்கிறான், அரைக்கைச் சட்டை, மூடவில்லை. அவள் பார்த்துவிடுகிறாள். பை ஒரு நிமிஷம் அந்தரத்தில் நிற்கிறது. என்ன கலர் என்று நான் எழுதவில்லை, அந்த முடிவை இருவருமாகப் பேசித்தான் எடுத்தோம். புது அத்தியாயங்களை டைப் அடித்து முடித்த அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மட்டும் இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

டைப் அடிக்கிறவரைப் போல ஒரு நாவலை வேறு யாரும் வாசிப்பதில்லை. நண்பர்கள் பக்கத்தைத் தாவுவார்கள், வீட்டில் இருப்பவர்கள் நம் மனசு நோகாமல் சொல்வார்கள். இவர் ஓர் எழுத்தைக்கூடத் தாவ முடியாது. அந்த வயசைத் தாண்டி ஐந்தாறு வருஷம்கூட ஆகாதவர் என்பது என் மாதிரி நாவலுக்கு இன்னும் பெரிய கொடுப்பினை.

குறைகளும் இருக்கின்றன. ஒற்றெழுத்து அடிக்கடி விட்டுப்போகும், "பையைக் கொடுத்தான்" என்பதில் "க்" இருக்காது. புரூஃப் நீங்களேதான் வரி வரியாகப் பார்க்க வேண்டும், எனக்கு இரண்டு சுற்று ஆனது, இரண்டுக்கும் தனிக் காசு வாங்கவில்லை. தை, ஆவணியில் கல்யாணப் பத்திரிகை, அரையாண்டு சமயத்தில் கேள்வித்தாள் என்று நம் வேலை பின்னால் போய்விடும். இரண்டு மாதம் என்று சொன்னது மூன்றரை மாதம் ஆனது. உட்கார்ந்து புரூஃப் பார்க்க இடமும் இல்லை, நான் எதிரே டீக்கடை பெஞ்சில் வைத்துப் பார்த்தேன். அட்டைப்படம் மட்டும் அங்கே செய்யாதீர்கள். எனக்குக் காட்டியதில் இதயமும் ரோஜாவும் யாரோ வெளிநாட்டு ஜோடியும் இருந்தது. ஒரு பள்ளிக்கூடப் பையும் ஊக்கும் போதும் என்றேன், வரைய ஆளில்லை என்று அண்ணாச்சி நேர்மையாகச் சொல்லிவிட்டார். அதை வெளியே செய்துகொண்டேன்.

செலவுக் கணக்கு: ஏ4 பக்கத்துக்கு 30 ரூபாய், 150 பக்கம், 4500. டெம்மி அளவில் புத்தகமாக லேஅவுட் செய்ய பக்கத்துக்கு 15, 208 பக்கத்துக்கு 3120. ஆக 7620 ரூபாய். லேஅவுட்டில் முதலில் 211 பக்கம் வந்தது. அச்சுக்கு 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் 208-க்குள் அடக்கினால் 13 ஃபாரத்தில் முடியும், பேப்பர் வீணாகாது என்று அண்ணாச்சிதான் சொல்லிக்கொடுத்தார். மூன்று பக்கத்தை வெட்ட உட்கார்ந்தபோது, எனக்கே அலுப்புத் தட்டிய ஒரு மழை வர்ணனை போனது. நல்லதாகப் போயிற்று.

5-க்கு 4 கொடுப்பேன். போகிறவர்கள் நோட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், காலை பத்தரைக்கு முன்னால் போனால் நின்று பேச நேரம் கிடைக்கும். டைப் அடிக்கிறவர் ஓரத்தில் பென்சில் குறி போட்டிருந்தால் அழிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். என் அடுத்த கதையில் முதல் நோட்டு நிறைந்துவிட்டது, மாசி பிறந்து பத்திரிகைக் கூட்டம் குறைந்ததும் கொண்டுபோகிறேன்.