"ஹிஜாபி ஸ்பெஷல்" கெரட்டின்: மக்கனாவை, அதாவது தலைத்துணியைக் கழட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரிகளே. பெருநாளும் கல்யாண சீசனும் வந்தாப் போதும், போனைத் திறந்தா பார்லர் விளம்பரம்தான். "ஹிஜாபி ஸ்பெஷல்", "ஃபுல் பிரைவசி", "லேடீஸ் ஒன்லி"னு மூணு வார்த்தை போட்டுட்டா நம்ம பொண்ணுங்க மேற்கொண்டு ஒண்ணும் விசாரிக்கிறதில்லை. சென்னையில அப்படி ஒரு பார்லர்ல எனக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதுறேன். நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

தங்கச்சி நிக்காஹ் நெருங்கிட்டு இருந்துச்சு. எனக்கோ நெத்தி ஓரத்துலயும் காதுக்கு மேலயும் முடி மெலிஞ்சு மண்டைத்தோல் தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு. அப்பத்தான் இன்ஸ்டாவுல அந்த விளம்பரம் வந்துச்சு. ஹிஜாப் போடுறவங்களுக்குன்னே கெரட்டின் பேக்கேஜ், தனி ரூம், ஃபார்மால்டிஹைட்ங்கிற நச்சு ரசாயனம் கிடையாது, 4,500 ரூபாய். போன் பண்ணிக் கேட்டேன். "ஆம்பளை ஸ்டாஃபே கிடையாது சிஸ்டர்"னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாங்க. முன்பணம் 1,000 ரூபாயை யாரோ ஒருத்தர் பேர்ல இருந்த நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னாங்க. கடை பேர்ல ஏன் இல்லைன்னா, "அது ஓனர் மேடம் நம்பர்தான்"னு பதில்.

போய் உக்கார்ந்ததும் ஒரு பொண்ணு முடியைப் பிரிச்சுப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குச்சு. "எந்நேரமும் மூடியே வெச்சிருக்கீங்கல்ல மேடம், ஸ்கேல்ப் மூச்சு விடமுடியல. ஹிஜாப் போடுற எல்லாருக்குமே இந்தப் பிரச்சினைதான், கெரட்டின் போட்டா சரியாயிடும்." இதுல ஒரு வார்த்தைகூட உண்மை இல்லைன்னு பின்னாடி தோல் டாக்டர்கிட்ட போனப்பதான் தெரிஞ்சுது. முடியோட வேருக்கு ஆக்சிஜன் வர்றது ரத்தத்துல இருந்து, வெளிக்காத்துல இருந்து இல்லை. கெரட்டின் ட்ரீட்மென்ட்டுங்கிறது வளர்ந்து வெளிய வந்துட்ட முடியோட மேல பூச்சு ஏத்தி நேராக்குற வேலை. வேர்ல இருந்து கொட்டுற முடிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. நம்ம மார்க்கத்துக்காகப் போடுற துணியை ஒரு நோய் மாதிரி காட்டி, அதுக்கு மருந்துன்னு ஒண்ணை நம்ம தலையிலயே கட்டுறாங்க. எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலா இருக்கிறது இதுதான்.

முடியை அலசி ஈரத்தோட உக்கார வெச்சதுக்கு அப்புறம் விலை மாறுச்சு. 4,500ங்கிறது தோள் வரைக்கும் இருக்கிற முடிக்காம். எனக்கு இடுப்பு வரைக்கும் இருக்கிறதால 9,200. விளம்பரத்துல எங்கேயும் இது இல்லை. கூடவே ரெண்டு பக்க இங்கிலீஷ் ஃபாரத்தை நீட்டி, "அலர்ஜிக்குத்தான் மேடம், ஒரு சைன் போடுங்க"ன்னாங்க. காப்பி கேட்டேன், வாட்ஸ்அப்ல அனுப்புறோம்னாங்க. இன்னிக்கு வரைக்கும் வரல.

அடுத்து அந்த "பிரைவசி ரூம்". ஸ்டோர் ரூமைத் தடுத்து உண்டாக்கினது. ஜன்னலுக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, விளிம்பெல்லாம் டேப் அடிச்சிருந்தாங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை. ஏசி மட்டும் உள்ளக் காத்தையே சுத்திவிட்டுக்கிட்டு இருந்துச்சு. கிரீமைத் தடவி, காய வெச்சு, அயர்ன் பண்ண ஆரம்பிச்சதும் வெள்ளைப் புகை எழும்புச்சு. கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டுது, தொண்டை அடைக்குது. அயர்ன்ல 230 டிகிரின்னு காட்டுறது எனக்கே தெரியுது. கதவைத் திறங்கன்னா, "வெளிய தெரியும் மேடம், உங்களுக்காகத்தானே மூடி வெச்சிருக்கோம்"ங்குது அந்தப் பொண்ணு. அது மட்டும் மாஸ்க் போட்டிருந்துச்சு, எனக்குக் கொடுக்கல.

பாதித் தலை முடிஞ்சிருக்கும். கதவைத் தட்டாம ஒரு ஆள் உள்ள வந்தார், கையில இன்னொரு அயர்ன். நான் பதறிப் பக்கத்துல கிடந்த டவலைத் தலையில இழுத்துப் போட்டேன். "மாஸ்டர்தான் மேடம், ஃபினிஷிங் அவர்தான் பண்ணணும், உங்க தம்பி மாதிரி நினைச்சுக்கங்க"ன்னாங்க. என் தம்பி யாருன்னு எனக்குத் தெரியும், இவங்க சொல்ல வேண்டியதில்லை. சத்தம் போட்டப்புறம்தான் அவர் வெளிய போனார். எழுந்து வந்துடலாம்னு பார்த்தா தலை நிறைய கிரீம், மக்கனா போடவும் வழியில்லை, வெளிய ரிசப்ஷன்ல அதே ஆள். "லேடீஸ் ஒன்லி"ங்கிறது போர்டுல மட்டும்தான் இருந்துச்சு. மீதித் தலையை அந்தப் பொண்ணே ஏனோதானோன்னு இழுத்து முடிச்சுது.

கிளம்பும்போது சொன்னாங்க பாருங்க, அதைக் கேட்டாச் சிரிப்பீங்க. மூணு நாளைக்குத் தலையில தண்ணி படக்கூடாது. முடியைக் கட்டக்கூடாது, கிளிப் மாட்டக்கூடாது, காதுக்குப் பின்னாடி ஒதுக்கக்கூடாது, மேல எதையும் இறுக்கி மூடக்கூடாது. இது "ஹிஜாபி ஸ்பெஷல்" பேக்கேஜ்! மக்கனா போடாம வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டேன். "லூஸாப் போட்டுக்கங்க"ன்னாங்க. தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவித் தலையை ஈரக்கையால தடவுற ஒளு? "லேசாத் தொட்டுக்கங்க." ஷாஃபி மத்ஹப்ல (மார்க்கச் சட்டப் பிரிவுல) கொஞ்சம் முடியில ஈரக்கை பட்டாலே மஸஹ், அதாவது அந்தத் தடவல் கூடிடும், ஹனஃபி மத்ஹப்ல கால்வாசித் தலை வேணும். அதையாவது எப்படியோ சமாளிக்கலாம். அந்த மூணு நாளுக்குள்ள குளிப்பு கடமையாச்சுன்னா (மார்க்கப்படி முழுசாக் குளிச்சே ஆகணும்னா) தலை முழுக்கத் தண்ணி போய்ச் சேரணுமே? புக் பண்ணும்போதே இதைக் கேட்டிருந்தேன், "ஒரு பிரச்சினையும் இல்லை சிஸ்டர்"னுதான் சொல்லியிருந்தாங்க. நம்ம பேரை வெச்சு வியாபாரம் பண்றவங்களுக்கு நம்ம தொழுகை என்ன, குளிப்பு என்னன்னு அடிப்படைகூடத் தெரியல.

முடி ஒரு வாரம் பட்டுப்போலத் தொங்குச்சு, இல்லைன்னு சொல்லல. அப்புறம் சீப்பு வெச்ச இடத்துலயெல்லாம் பாதி பாதியா ஒடிய ஆரம்பிச்சுது. உச்சியில விரல் நீளத்துக்கு முடி குத்திட்டு நிக்குது. நெத்தி ஓரம் இன்னும் பின்னாடி போயிடுச்சு. தோல் டாக்டர் லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒடியுறது சூட்டாலயும் அந்தக் கிரீமாலயும். நெத்தி ஓரத்துல போனது அதுக்கு முன்னாடியே இருந்த டிராக்ஷன் அலோபீசியா, அதாவது முடியைத் தொடர்ந்து இழுத்துக் கட்டுறதால வேர் பலவீனமாகிக் கொட்டுறது. மக்கனா நழுவாம இருக்க இன்னர் கேப்பை இறுக்கிப் போட்டு, உள்ள உச்சிக் கொண்டையும் போடுறோம்ல, அந்த இழுவைதான். மூடுறதால இல்லை. ரொம்ப இழுத்து ஜடை பின்னுற யாருக்கும் இது வரும். ஆரம்பத்துலயே இழுவையை நிறுத்தினா முடி திரும்ப வளரும், வருஷக்கணக்கா விட்டா வேரே தழும்பாகி அந்த இடம் அப்படியே நின்னுடும்.

டாக்டர் மாத்தச் சொன்னதுல செலவுன்னு பார்த்தா கொஞ்சம்தான். கொண்டையைக் கழுத்துக்கிட்ட தாழ்த்தி, லூஸா, துணி ரப்பர் பேண்டுல போடணும். இறுக்கமான லைக்ரா கேப்புக்குப் பதிலா சாட்டின் கேப், இது மண்ணடியிலயே கிடைக்கும். விடியக்காலை ஃபஜ்ர் தொழுகைக்குக் குளிச்ச ஈரத்தோட கட்டி மூடிட்டு ஆபீசுக்கு ஓடுறதை நிறுத்தணும், பொடுகும் வாடையும் அதுலதான் வருது. இரும்புச்சத்துக்கும் வைட்டமின் டிக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னாங்க. கெரட்டின் பேச்சே எடுக்கல.

அந்தப் புகைக்கு வருவோம். "ஃபார்மால்டிஹைட் இல்லை"ங்கிற லேபிளை நம்பவே முடியாது. 2018ல மீன்ல ஃபார்மலின் கலக்குறாங்கன்னு சென்னையே மீன் வாங்கப் பயந்துச்சே, அந்த ஃபார்மலின்ங்கிறது தண்ணியில கரைச்ச ஃபார்மால்டிஹைட்தான். மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004லயே வகைப்படுத்திடுச்சு. சில கிரீம்ல அது வேற பேர்ல, மெத்திலீன் கிளைக்கால்னு இருக்கும். சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடா வெளிய வரும். 2011ல அமெரிக்காவுல "ஃபார்மால்டிஹைட் ஃப்ரீ"ன்னு லேபிள் ஒட்டின ஸ்ட்ரெயிட்டனிங் திரவத்துலயே அது இருந்துச்சுன்னு அந்த நாட்டு அரசே எச்சரிக்கை விட்டுச்சு. சரி, நிஜமாவே அது இல்லாத கிரீம்னா? நிறைய கிரீம்ல பதிலுக்குக் கிளையாக்ஸிலிக் ஆசிட் வருது. அதுலயும் ஆபத்து இருக்கு. 26 வயசுப் பெண் ஒருத்திக்கு அந்த ஆசிட் இருக்கிற கிரீம் போட்ட ஒவ்வொரு தடவையும் சிறுநீரகம் பாதிச்ச விவரம் 2024ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. எனக்கு என்ன போட்டாங்கன்னு இன்னும் தெரியாது. பாட்டிலைக் காட்டச் சொன்னேன், லேபிள் கிழிச்ச டப்பாவைத்தான் காட்டினாங்க.

இதோட போச்சுன்னு இருந்தேன். அப்பத்தான் மாமி மக கூப்பிட்டா. "லாத்தா, அந்தப் பார்லர் ரீல்ல இருக்கிறது நீங்களா?" பின்பக்கத்துல இருந்து எடுத்த வீடியோ, பிஃபோர், ஆஃப்டர்னு. முகம் இல்லை. ஆனா பக்கத்துக் கொக்கியில என் அபாயா தொங்குது, கையில எம்ப்ராய்டரி பண்ணின அதே மெரூன் அபாயா. என் முடியை ஊர் முழுக்கப் பார்த்திருக்கு, நான் அதை வீட்டு ஆளுங்களைத் தவிர யாருக்கும் காட்டினதில்லை. போன் பண்ணினா, "முகம்தான் தெரியலையே மேடம், நீங்கதான் ஃபாரத்துல சைன் போட்டிருக்கீங்க"ன்னு சொல்றாங்க. அலர்ஜி ஃபாரம்னு கொடுத்ததுல ஃபோட்டோ அனுமதியும் ஒளிஞ்சிருந்திருக்கு. வீட்டுக்காரர் பேசினப்புறம் ரீலை எடுத்தாங்க, ஹைலைட்ல போட்டிருந்த காப்பியை எடுக்கல. அதுக்கு இன்ஸ்டாவுல தனியாப் புகார் போட வேண்டியதாச்சு. நஷ்ட ஈடா ஒரு ஃப்ரீ ஹேர் ஸ்பா தர்றேன்னாங்க. அதே ரூம்ல!

1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுல புகார் பதிஞ்சேன். அவங்க பார்லருக்குத் தகவல் அனுப்பினதும் முன்பணம் 1,000 மட்டும் திரும்பி வந்துச்சு, மீதிக்குப் பதிலே இல்லை. அதுக்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டிருக்கோம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமயும் போகலாம், ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். 2019 நுகர்வோர் சட்டத்துல பில் தராம இருக்கிறதே முறையற்ற வணிகம்தான். நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தை வெளிய விடுறதும் அதே பட்டியல்ல இருக்கு. ரீலை அதுக்குக் கீழதான் கொண்டு வந்திருக்கோம்.

ஆதாரம் ரொம்ப முக்கியம். டெல்லியில ஒரு பெரிய ஓட்டல் சலூன்ல முடியைத் தப்பா வெட்டினதுக்குத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2021ல 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொல்லுச்சு. அவ்வளவு நஷ்டத்துக்கு ஆதாரம் எங்கேன்னு 2023ல உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து பண்ணி, மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்புச்சு. அதனால விளம்பர ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, ஒடிஞ்ச முடியோட படம், டாக்டர் சீட்டு எதையும் அழிக்காதீங்க. நான் ரீலை எடுக்கச் சொல்றதுக்கு முன்னாடியே ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணி வெச்சுட்டேன், இப்ப அதுதான் கை கொடுக்குது.

போறவங்க போங்க, வேண்டாம்னு சொல்ல நான் யாரு. கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. மக்கனாவைக் கழட்டுறதுக்கு முன்னாடி ரூமைப் பாருங்க, கேமரா எங்க இருக்கு, உள்ள தாழ்ப்பாள் இருக்கா, காத்துப் போக வழி இருக்கா. உங்க முடி நீளத்தைச் சொல்லி மொத்த விலையை எழுத்துல வாங்குங்க. சீல் உடைக்காத பாட்டிலைக் கொண்டு வந்து உங்க முன்னாடி திறக்கச் சொல்லுங்க. ஃபாரத்துல ஃபோட்டோ, வீடியோன்னு வார்த்தை தெரிஞ்சா அந்த வரியை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டு, அப்பவே போன்ல படம் எடுத்துக்கங்க. இதுக்கு முகம் சுளிச்சா எழுந்து வந்துடுங்க, அப்பத் தலையில கிரீம் இருக்காது.

பார்லர் பேரை இப்போ எழுதல, மனு விசாரணைக்கு வரணும். இதே மாதிரி ஃபாரத்துல கையெழுத்து வாங்கி வீடியோ போட்டிருக்காங்கன்னு யாருக்காவது தெரிஞ்சா, ரீல் எடுபடுறதுக்குள்ள தேதியோட ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கங்க.